எல்லை தாண்டும் துப்பாக்கி லைசென்சு

துப்பாக்கி வைத்திருக்க லைசென்சு வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த லைசென்சைக் கொடுப்பவர் யார்? ஜில்லா கலெக்டர். சென்னை போன்ற நகரங்களில் போலீஸ் கமிஷனர்.

சரி, எந்த ஜில்லாவின் கலெக்டர்? இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பது இல்லை. கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

துப்பாக்கி பற்றிய சட்டம் டெல்லியில் செய்யப்பட்டது. ஆயுதச் சட்டம் என்று அதற்குப் பெயர். 1959-ல் பார்லிமெண்டு அதை நிறைவேற்றியது. 1962 அக்டோபர் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. நாடு முழுவதற்கும் அந்தச் சட்டம் ஒன்றுதான்.

சட்டம் ஒன்று; லைசென்சு கொடுக்கும் கைகளோ பல. இந்தியாவில் 700-க்கு மேற்பட்ட ஜில்லாக்கள் இருக்கின்றன. ஒரு ஜில்லாவில் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். இன்னொரு ஜில்லாவில் மனுவைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். அப்படிக் கொடுத்த காகிதமும் ராஜ்யம் விட்டு ராஜ்யம் வந்து செல்லுபடியாகிறது.

ஒரு பெரிய வீடு. அதற்கு ஏழு வாசல். ஆறு வாசலைத் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டிவிட்டு, ஏழாவது வாசலை மட்டும் திறந்து வைத்தால் திருடன் எந்த வழியாக வருவான்? துப்பாக்கி லைசென்சு விஷயத்திலும் அதுதான் நடந்தது.

நாச்சியாபுரத்து விவசாயி

செட்டிநாட்டில் உள்ள நாச்சியாபுரத்தில் ஒரு விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலக்கடலை போட்டிருக்கிறார். ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து கொல்லையைக் கிளறிவிட்டுப் போகிறது. பயிர்க் காவலுக்கு ஒரு நாட்டுத் துப்பாக்கி வேண்டும் என்று மனுப் போடுகிறார். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு.

மனு கொடுப்பவருக்கு 21 வயது நிரம்பி இருக்க வேண்டும். உடல் நலமும் மன நலமும் சரியாக இருப்பதாக டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாக வைக்க வீட்டில் இடம் வேண்டும். எதற்காகத் துப்பாக்கி என்பதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும்.

பிறகு விசாரணை வரும். நாச்சியாபுரம் போலீஸ் நிலையத்தில் இருந்து ஆள் வந்து அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். "ஆள் எப்படி? குடிப்பாரா? சண்டை சச்சரவு உண்டா? பங்காளித் தகராறு இருக்கிறதா?" என்று விசாரிப்பார்கள். அந்த அறிக்கை சிவகங்கைக்குப் போகும். கலெக்டர் பார்த்து முடிவு செய்வார். அவசியம் இல்லை என்று பட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்.

இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உயிரைப் பறிக்கும் கருவியைக் கொடுக்கும்போது இப்படித்தான் விசாரிக்க வேண்டும். மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத வேண்டும் என்றும், மனுதாரர் அப்பீல் செய்யலாம் என்றும் சட்டமே சொல்லுகிறது.

இந்த விசாரணையில் உயிர்நாடி எது? அக்கம்பக்கத்தார் சாட்சிதான்! மனுதாரரை ஊர் அறியும். ஊரைப் போலீசார் அறிவார்கள். அதனால்தான் குடியிருக்கும் ஊரில் மனுப் போட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

ஊரே தெரியாத ஒருவர், வேறு ஒரு ராஜ்யத்தில் போய் லைசென்சு வாங்கினால்? அங்கே யார் அவரைப் பற்றிச் சொல்லுவார்கள்?

வடக்கே நடந்த வியாபாரம்

இது கற்பனை அல்ல. நடந்த கதை.

2017-ல் ராஜஸ்தான் போலீசின் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினர் ஒரு பெரிய கூட்டத்தைப் பிடித்தார்கள். துப்பாக்கி வியாபாரிகளும் தரகர்களும் அதில் இருந்தார்கள். ராஜஸ்தானில் இருப்பவர்களுக்கு ஜம்மு-காஷ்மீரில் லைசென்சு வாங்கிக் கொடுப்பது அவர்கள் தொழில் என்று போலீசார் சொன்னார்கள்.

எப்படி முடிந்தது? தந்திரம் மிகவும் எளியது. ராணுவ வீரர் எந்த ஊருக்கும் மாற்றப்படுவார். காஷ்மீரில் வேலை பார்க்கும் வீரர், அங்கேயே லைசென்சுக்கு மனுப் போட வழி இருந்தது. நாட்டைக் காக்கும் வீரருக்குச் செய்த அந்த வசதியைத் தரகர்கள் பிடித்துக்கொண்டார்கள். வியாபாரியையும் காண்டிராக்டரையும், இன்னும் யார் யாரையோ, "இவர் ராணுவ வீரர், இங்கே வேலை பார்க்கிறார்" என்று காட்டிப் பொய்க் காகிதம் தயாரித்தார்கள். லைசென்சு வந்தது!

ஜம்மு பகுதியில் தோடா, ராம்பன், உதம்பூர் என்று 3 ஜில்லாக்கள் இருக்கின்றன. அங்கே கொடுக்கப்பட்ட 1 லட்சத்து 43 ஆயிரம் லைசென்சுகளில், 1 லட்சத்து 32 ஆயிரம் வெளி ராஜ்யத்தாருக்குப் போனவை என்று ராஜஸ்தான் போலீசார் கணக்குச் சொன்னார்கள். பத்தில் ஒன்பது பங்கு!

2018-ல் வழக்கு சி.பி.ஐ. கைக்கு மாறியது. 2012 முதல் 2016 வரை 2 லட்சத்து 78 ஆயிரத்துக்கு மேற்பட்ட லைசென்சுகள் தகுதி இல்லாதவர்களுக்குக் கொடுக்கப்பட்டதாக சி.பி.ஐ. கூறியது. ஜில்லா அதிகாரிகளாக இருந்த இருவர் 2020-ல் கைது செய்யப்பட்டார்கள். 2021 ஜூலை 24-ந் தேதி ஒரே நாளில் 40 இடங்களில் சோதனை நடந்தது.

குற்றம் செய்தவர் யார் என்பதைக் கோர்ட்டு தீர்மானிக்க வேண்டும். அதற்கு முன் யாரையும் குற்றவாளி என்று சொல்லக்கூடாது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. லட்சக்கணக்கான துப்பாக்கிக் காகிதங்கள், வைத்திருப்பவரின் சொந்த ஊர்ப் போலீசாரை ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே வந்துவிட்டன.

ஓட்டை எங்கே?

ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவைப் பார்க்க வேண்டும். மனு வந்ததும், பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் இருந்து கலெக்டர் அறிக்கை கேட்க வேண்டும் என்று அது சொல்லுகிறது. அதே பிரிவில் இன்னொரு வாசகமும் இருக்கிறது. குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால், மேற்கொண்டு காத்திராமல் கலெக்டரே முடிவு செய்யலாம் என்பதே அது.

இந்த வாசகத்தை ஏன் சேர்த்தார்கள்? போலீசார் தாமதம் செய்தால் மனுதாரர் வருஷக்கணக்கில் அலையக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணத்தில் திறந்து வைத்த கதவு வழியாகக் கெட்டவனும் நுழையலாம் அல்லவா? போலீஸ் அறிக்கை வராமல் லைசென்சு கொடுக்கக் கூடாது என்று மத்திய சர்க்கார் 2010-ல் தனியே உத்தரவு போட வேண்டி வந்தது. அதற்குப் பின்னும் காஷ்மீரத்து வியாபாரம் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

லைசென்சில் எல்லை என்று ஓர் இடம் உண்டு. சில லைசென்சு ஒரு ஜில்லாவுக்குள் மட்டும் செல்லும். சில, ராஜ்யம் முழுவதும் செல்லும். சில, இந்தியா முழுவதும் செல்லும். இந்தியா முழுவதும் செல்லும் லைசென்சைக் கண்டபடி கொடுக்கக் கூடாது, அமைச்சர், பார்லிமெண்டு உறுப்பினர், ராணுவத்தார், நாடெங்கும் மாற்றலாகிற அதிகாரி, துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர் போன்றவர்களுக்கே கொடுக்கலாம் என்றும் 2010-ல் சொல்லப்பட்டது.

பொய்யாக "ராணுவ வீரர்" என்று எழுதியதன் மர்மம் இப்போது புரிகிறது அல்லவா? அந்த ஒரு வார்த்தை இரண்டு பூட்டுகளைத் திறந்தது. வேற்று ஊரில் லைசென்சு வாங்கவும் அது உதவியது. நாடு முழுவதும் துப்பாக்கியுடன் நடமாடவும் அது உதவியது.

பக்கத்து ராஜ்யத்தில்

"இதெல்லாம் எங்கோ வடக்கே நடந்தது. நமக்கு என்ன?" என்று சிலர் நினைக்கலாம்.

திருவனந்தபுரம் எங்கோ இல்லை. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். 2021 செப்டம்பரில் திருவனந்தபுரத்துக் கரமனை போலீசார் 5 காவலாளிகளைக் கைது செய்தார்கள். ஐவரும் காஷ்மீர்ப் பக்கத்து ஆட்கள். ஏ.டி.எம். பெட்டிகளில் பணம் நிரப்பும் வண்டிக்குத் துப்பாக்கியுடன் காவல் போவது அவர்கள் வேலை. லைசென்சைக் காட்டினார்கள். அதைக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஊரில் விசாரித்தபோது, அது போலி என்று தெரிந்ததாகப் போலீசார் கூறினார்கள்.

ஒரு போன் போட்டுக் கேட்டதால் வெளிவந்த உண்மை இது. கேட்காமல் இருந்திருந்தால்? துப்பாக்கிகள் தினம் தினம் பணத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவே நின்றுகொண்டே இருந்திருக்கும்.

இதனால் காஷ்மீரத்து மக்கள் மேல் சந்தேகப்படுவது பெரும் தவறு. வயிற்றுப் பிழைப்புக்காக வெகு தூரம் வந்து காவல் நிற்கும் ஏழைதான் முதலில் ஏமாற்றப்படுகிறான். தரகனிடம் பணத்தைக் கொடுத்து ஒரு காகிதத்தை வாங்கியிருப்பான். அது உண்மையா பொய்யா என்று அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். கைது செய்யப்படுகிறவன் அவன். தரகனோ வேறு ஊரில் வேறு ஆளைத் தேடிக்கொண்டிருப்பான்.

சிவகங்கை, ராமநாதபுரம் ஜில்லாக்களில் இருந்து ராணுவத்தில் சேருகிறவர்கள் ஏராளம். ஓய்வு பெற்றதும் பலர் பாங்கிகளில் காவல் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் முறைப்படி லைசென்சு வாங்கிய கண்ணியமானவர்கள். போலிக் காகிதக்காரனால் இவர்கள் பெயரும் கெடுகிறது. குறைந்த சம்பளத்துக்கு அவன் வந்து நிற்பதால், இவர்கள் வேலையும் போகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தேர்தல் வந்தால் லைசென்சு துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லுவார்கள். பாங்கிக் காவல் போன்ற சில காரியங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. போலீசார் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அதை வைத்து, யார் ஒப்படைத்தார், யார் ஒப்படைக்கவில்லை என்று பார்ப்பார்கள். வேறு ராஜ்யத்தில் லைசென்சு வாங்கி, இங்கே வந்து சொல்லாமல் குடியிருப்பவரின் பெயர் அந்தப் பட்டியலில் எப்படி இருக்கும்? ஊரில் துப்பாக்கி இருக்கும். போலீஸ் கணக்கில் இருக்காது!

வெள்ளைக்காரன் வைத்த விலக்கு

நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில்தான் திருப்பத்தூர் இருக்கிறது. 1801 அக்டோபர் 24-ந் தேதி மருது சகோதரர்களைக் கும்பெனியார் தூக்கில் போட்ட ஊர் அது. அதற்குப் பிறகு 1801 டிசம்பர் 1-ந் தேதி, சென்னை கவர்னர் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் மக்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று தடை விதித்தார். சிவகங்கைச் சீமை மக்களிடம் இருந்து வேலும் ஈட்டியும் துப்பாக்கியும் பறிக்கப்பட்டன.

1878-ல் நாடு முழுவதற்கும் ஓர் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு லைசென்சு கட்டாயம். வெள்ளைக்காரனுக்கு விலக்கு! அந்த அநியாயத்தைத் தலைவர்கள் எல்லோரும் கண்டித்தார்கள்.

சுதந்திரம் வந்த பிறகு 1959-ல் புதுச் சட்டம் செய்தபோது, நிறம் பார்த்துக் கொடுத்த சலுகைக்கு இடம் இல்லாமல் போயிற்று. எல்லோருக்கும் ஒரே விதி என்று ஆயிற்று.

இப்போது நடந்திருப்பது என்ன? நாச்சியாபுரத்து விவசாயி போலீஸ் நிலையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் சிவகங்கைக்கும் நடக்கிறார். பணம் படைத்தவர் தரகனிடம் பணத்தை வீசிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். லைசென்சு வீடு தேடி வருகிறது. அன்று நிறத்துக்கு விலக்கு. இன்று பணத்துக்கு விலக்கு. விலக்கு என்று வந்துவிட்டால் அது சட்டத்துக்குச் சாவுமணிதான்.

ஐயா காலத்துத் துப்பாக்கி

சட்டத்தை ஏமாற்றுகிறவன் ஒருபுறம். சட்டம் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் நல்லவர்கள் இன்னொரு புறம்.

செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்று. பெட்டகத்தில் ஐயா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. ஐயா காலமாகிவிட்டார். பேரப் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். "ஐயா நினைவாக அது அப்படியே இருக்கட்டும்" என்று குடும்பத்தார் விட்டுவிட்டார்கள்.

இதில் தவறு என்ன? லைசென்சு ஐயா பெயரில் இருந்தது. அது ஐயாவோடு முடிந்தது. வீட்டுக்கும் துப்பாக்கிக்கும் வாரிசு உண்டு. லைசென்சுக்கு வாரிசு கிடையாது. லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019-ல் செய்த திருத்தத்தின்படி 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை!

பழைய லைசென்சுப் புத்தகத்தில் "ராமநாதபுரம் ஜில்லா" என்றே இருக்கும். ஏனென்றால் சிவகங்கை 1985-ல்தான் தனி ஜில்லா ஆயிற்று. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "இதோ லைசென்சு இருக்கிறதே" என்று சொல்லிப் பயன் இல்லை.

செய்ய வேண்டியது என்ன? துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசு ஒருவர் தம் பெயருக்கு மனுப் போடலாம். மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்றால் முறைப்படி விற்றுவிடலாம். ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் 2019-ல் வந்த விதி. முன்பு 3 வைத்திருக்கலாம்.

பேரன் அந்தத் துப்பாக்கியைக் காரில் வைத்துப் பெங்களூருக்கு எடுத்துப் போனால் தவறு இரட்டிப்பாகும். தம் பெயரில் லைசென்சு உள்ளவரும், அதில் எழுதியிருக்கும் எல்லைக்குள்தான் எடுத்துச் செல்லலாம். ஓசூர் தாண்டினால் கர்நாடகம். குமுளி தாண்டினால் கேரளம். "தமிழ்நாடு" என்று எழுதிய லைசென்சு அங்கே துணைக்கு வராது. குடி மாறிப் போனால் பழைய ஊர் அதிகாரிக்கும் புது ஊர் அதிகாரிக்கும் 30 நாளில் தெரிவிக்க வேண்டும்.

எல்லைக்குள் எடுத்துச் செல்லவும் ஒரு முறை இருக்கிறது. பொது இடத்தில் துப்பாக்கியைக் காட்டிக்கொண்டு போகக் கூடாது. கைத்துப்பாக்கி என்றால் உறையில் இருக்க வேண்டும். நீண்ட துப்பாக்கி என்றால் அதற்கு உரிய பையில் முழுவதும் மூடி இருக்க வேண்டும். 2016-ம் வருஷத்து விதிகள் இப்படிச் சொல்லுகின்றன. கலியாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுவது வடக்கே சில இடங்களில் வழக்கம். அதற்கும் 2019 திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

அமெரிக்காவின் அனுபவம்

அமெரிக்காவில் இந்தத் தகராறு இன்னும் பெரிது. அங்கே நாடு முழுவதற்கும் ஒரே லைசென்சு விதி கிடையாது. 50 ராஜ்யங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. சட்டைக்குள் மறைத்துத் துப்பாக்கி எடுத்துச் செல்லச் சில ராஜ்யங்களில் பெர்மிட்டு வேண்டும். பல ராஜ்யங்களில் பெர்மிட்டே வேண்டாம்!

ஒரு ராஜ்யத்தின் பெர்மிட்டை இன்னொரு ராஜ்யம் ஏற்றுக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துகொள்வது உண்டு. அதில் ஓர் ஓட்டை விழுந்தது.

பென்சில்வேனியா ராஜ்யத்தில் பிலடெல்பியா ஒரு பெரிய நகரம். அங்கே சிலருக்குப் போலீசார் பெர்மிட்டு மறுத்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? தூரத்தில் இருக்கும் புளோரிடா ராஜ்யத்துக்குத் தபாலில் மனுப் போட்டார்கள். வெளி ராஜ்யத்தாருக்கும் புளோரிடா பெர்மிட்டு கொடுக்கும். அது தபாலில் வந்தது. ஒப்பந்தத்தின்படி பிலடெல்பியாவில் அது செல்லும்! சொந்த ஊர் "கூடாது" என்றது. தூரத்து ஊர் "ஆகட்டும்" என்றது. சொந்த ஊர்ப் போலீசார் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதாயிற்று.

2013-ல் பென்சில்வேனியா இந்த ஓட்டையை அடைத்தது. பென்சில்வேனியாவில் குடியிருப்பவர் பென்சில்வேனியா பெர்மிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அதே 2013-ல் இன்னொரு சம்பவம் நடந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், முறைப்படி வாங்கிய பெர்மிட்டுடன் காரில் போனார். பாலத்தைத் தாண்டினால் நியூ ஜெர்சி ராஜ்யம். போலீசார் காரை நிறுத்தினார்கள். துப்பாக்கி இருப்பதை அவரே சொன்னார். பெர்மிட்டையும் காட்டினார். நியூ ஜெர்சியில் அது செல்லாது என்று கைது செய்துவிட்டார்கள்! சில ஆண்டு சிறை என்ற பயம் அவர் தலைக்கு மேல் தொங்கியது. 2015-ல் நியூ ஜெர்சி கவர்னர் மன்னிப்பு வழங்கிய பிறகுதான் அவருக்கு நிம்மதி பிறந்தது.

ஒரு ராஜ்யத்தின் பெர்மிட்டை எல்லா ராஜ்யங்களும் ஏற்க வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. 2017 டிசம்பரில் கீழ்ச்சபை அதை நிறைவேற்றியது. செனட் சபையில் அது நிறைவேறவில்லை. அப்படி நிறைவேறினால் மிகவும் தாராளமான ராஜ்யத்தின் விதியே நாடு முழுவதற்கும் விதி ஆகிவிடும் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள்.

இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் காஷ்மீரத்துக் காகிதம் செய்த வேலையும் அதுதான் அல்லவா?

செய்ய வேண்டியது என்ன?

இந்தியாவுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. சட்டம் ஏற்கனவே ஒன்றாக இருக்கிறது. அமெரிக்கா போல 50 சட்டங்களை ஒன்றாக்கும் பாடு இங்கே இல்லை. விசாரணையை மட்டும் ஒழுங்கு செய்தால் போதும்.

2012-ல் மத்திய சர்க்கார் ஒரு தேசியப் பதிவேடு தொடங்கியது. ஒவ்வொரு லைசென்சுதாரருக்கும் தனி எண் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றது. எண் இல்லாத லைசென்சு செல்லாது என்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு வைத்த கெடு பல தடவை நீட்டப்பட்டது. மேலும், பதிவேடு போலிக் காகிதத்தைத்தான் பிடிக்கும். அதிகாரியே பொய்யை ஏற்றுக்கொண்டு எண்ணும் கொடுத்துவிட்டால், அந்தப் பொய் மெய்யாகிவிடும். ஆகவே இன்னும் சில காரியங்கள் செய்ய வேண்டும்.

முதலாவது: மனுதாரர் எங்கே மனுப் போட்டாலும், அவருடைய சொந்த ஊர்ப் போலீஸ் நிலையத்தில் இருந்து அறிக்கை வர வேண்டும். வராவிட்டால் லைசென்சு கிடையாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். ராணுவ வீரர் என்றால் அவருடைய படைப்பிரிவில் நேரே கேட்க வேண்டும். மனுதாரர் கொண்டுவரும் கடிதத்தை மட்டும் நம்பக் கூடாது. போலீஸ் அறிக்கை தாமதமானால் அதற்குப் பொறுப்பான அதிகாரியைக் கேள்வி கேட்க வேண்டும். தாமதத்துக்குப் பரிகாரம் விசாரணையை விட்டுவிடுவது அல்ல.

இரண்டாவது: வேறு ராஜ்யத்தில் லைசென்சு கொடுத்த அன்றே, சொந்த ஜில்லாவுக்கும் குடியிருக்கும் ஜில்லாவுக்கும் தகவல் போக வேண்டும். நாச்சியாபுரம் போலீஸ் நிலையத்தில் இருக்கும் போலீஸ்காரரும், எண்ணைத் தட்டிப் பார்த்து உண்மை அறிய முடிய வேண்டும்.

மூன்றாவது: பாங்கிகளும் காவல் கம்பெனிகளும் துப்பாக்கிக் காவலாளியை வேலைக்கு எடுக்கும் முன், லைசென்சு கொடுத்த அலுவலகத்தில் எழுதிக் கேட்க வேண்டும். ஜனங்கள் நகையையும் பணத்தையும் நம்பி வைக்கும் இடம் பாங்கி. அதன் வாசலில் நிற்கும் துப்பாக்கியின் காகிதத்தைப் பார்ப்பது பாங்கியின் கடமை.

நான்காவது: 2012 முதல் 2016 வரை தவறாகக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் லைசென்சுகள் ஒவ்வொன்றையும், வைத்திருப்பவர் வீட்டு வாசலிலேயே போய்ச் சரிபார்க்க வேண்டும். நியாயமாக வாங்கியவருக்குப் புதுப்பித்துக் கொடுக்கட்டும். மற்றவரின் துப்பாக்கியைத் திரும்ப வாங்கட்டும்.

ஐந்தாவது: லஞ்சம் வாங்கிக் கையெழுத்துப் போட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் எத்தனை பெரிய அதிகாரியானாலும் வழக்கு நடக்க வேண்டும். உயர் அதிகாரிகள் மீது வழக்குத் தொடர சர்க்காரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் காகிதம் மேஜையில் தூங்கக் கூடாது. காவல் நிற்கும் ஏழையை ஒரே நாளில் கைது செய்யும் சட்டம், கையெழுத்துப் போட்டவர் வாசலில் மட்டும் வருஷக்கணக்கில் காத்து நிற்பது முறை ஆகாது.

குடும்பங்களுக்கும் ஒரு கடமை உண்டு. வீட்டில் துப்பாக்கி இருந்தால் லைசென்சுப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது? எந்தத் தேதி வரை செல்லும்? எந்த எல்லைக்குள் செல்லும்? எண் இருக்கிறதா? இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரிய வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பதில் சரியாக இல்லை என்றால் தரகனிடம் போக வேண்டாம். நேரே போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். தாமாக முன்வந்து ஒப்படைப்பவருக்கும், சோதனையில் பிடிபடுபவருக்கும் வித்தியாசம் உண்டு.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் துப்பாக்கி ஓர் இடத்திலும் தோட்டா வேறு இடத்திலும் பூட்டில் இருக்கட்டும். குழந்தைக்கு எல்லாமே விளையாட்டுச் சாமான்தான்.

ஓர் ஆளைப் பற்றி அவருடைய ஊருக்குத்தான் தெரியும். துப்பாக்கி எந்த ஊர்க் காகிதத்தோடு வந்தாலும், அது தங்கப்போகும் ஊரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மத்திய சர்க்கார் இதை உடனே சட்டம் ஆக்க வேண்டும்.